முதல் போணி

மார்ச் 18, செவ்வாய்

இன்றும் தேர்வறைக் கண்காணிப்பு. மற்ற ஆசிரியைகள் சலித்துக்கொள்ளும் வேலை. எனக்கு இப்போது அதுதான் வசதி. காலை முழுவதும் உட்காராமல் இருக்கலாம், ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

காலையில் மறுபடியும் ரத்தம். சொட்டாக இல்லை, கோடாக. ரத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், வலிதான் தாங்கவில்லை. உள்ளிருந்து ஒரு கண்ணாடிச் சில்லு கிழித்துக்கொண்டு வருவது மாதிரி. வந்து போன பிறகும் மதியம் வரை விண்விண்ணென்று தெறிக்கிறது.

இத்தனை வருடமாகப் பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறேன். உணவு மண்டலத்தை வாயில் தொடங்கி, இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் என்று வண்ணச் சுண்ணக்கட்டியில் நிதானமாக வரைவேன். கடைசி அங்குலம் வரும்போது மட்டும் கை வேகமாகிவிடும். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "பாகம் குறித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பலகையை அழித்துவிடுவேன். இப்போது அந்தக் கடைசி அங்குலம் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது என்று எழுத வந்தேன். உட்கார வைக்கவில்லை. அதுதானே சிக்கல்.

இவரிடம் "சூடு" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். கோவில்பட்டியில் பங்குனி பிறந்துவிட்டால் எல்லாருக்கும் சூடுதான். இளநீர் வாங்கி வந்தார்.

மார்ச் 21, வெள்ளி

இவரிடம் சொல்லிவிட்டேன். நான் பேசி முடிப்பதற்குள் போனை எடுத்து அவர் அக்காவுக்குச் சொல்லிவிட்டார். இவருடைய கடலைமிட்டாய்க் கடையில் பாகு முறுகிப்போனால்கூட முதலில் அமுதவள்ளி மதினி காதுக்குத்தான் போக வேண்டும். அப்படியே வளர்ந்துவிட்டார்.

மதினி சாயங்காலமே ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"ஏட்டி சுதா, வீட்டுக்குள்ள டாக்டர வச்சிக்கிட்டு இத எதுக்குட்டி பொத்திப் பொத்தி வச்சிருக்க? எம் மவன் இதுக்குத்தான படிச்சிருக்கான்?"

இதற்குத்தான். மதினியின் மகன் ஹரி அறுவைச் சிகிச்சை நிபுணன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கிளினிக் திறந்து ஒரு வருடமாகிறது. இப்போது அதிலேயே ஆபரேஷன் தியேட்டரும் கட்டிக்கொண்டிருக்கிறான். கீழே காய்ச்சலுக்கு வருகிறவர்கள் காதில் மாடியில் டைல்ஸ் வெட்டும் சத்தம் விழுந்தபடி இருக்கும்.

மார்ச் 23, ஞாயிறு

கூட்டம் இல்லாத நேரம் பார்த்து ஹரி வரச் சொன்னான். நான் இந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தபோது அவன் மூன்றாம் வகுப்பு. வாய்ப்பாடு ஒப்பித்துத் தப்பு விட்டால் என் முந்தானைக்குள் முகத்தை மறைத்துக்கொள்வான்.

மேசைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். இரண்டு பேரும் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துப் பேசினோம்.

"எத்தன நாளா அத்தை?"

"கொஞ்ச நாளா."

"வலி இருக்கா?"

"இருக்கு."

"ரத்தம்?"

"ம்."

அதற்குமேல் அவன் கேட்கவில்லை. "சிஸ்டர் பாப்பாங்க அத்தை" என்று எழுந்து வெளியே போய்விட்டான். நர்ஸ் சின்னப் பெண். டார்ச் அடித்துப் பார்த்தாள். "வெளிய தள்ளியிருக்கு சார்" என்று அவள் சொன்னது கதவு தாண்டிக் கேட்டது. திரும்பி வந்து, "மூலம்தான் அத்தை. மூணாவது ஸ்டேஜ். லேசர்ல எடுத்துரலாம், மறுநாளே வீட்டுக்குப் போயிரலாம்" என்று குனிந்தபடியே எழுதினான்.

அவன் பார்க்காமல் விட்டது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் இங்கே எழுதி வைக்க வேண்டும். பெரிய நிம்மதி.

மார்ச் 30, ஞாயிறு

மதினி நாள் குறித்துவிட்டார். அட்சய திருதியை.

"அன்னைக்குத்தான் தியேட்டர் தெறக்கோம். மொத ஆபரேஷன் ஒனக்கு. நம்ம வீட்டு ஆளு, சுமங்கலி, ஒனக்குக் கைராசியும் உண்டு. புது எடத்துல மொத போணி ஒன்னால ஆவட்டும்."

நான் சிரிக்காமல் இருந்ததே பெரிய காரியம். மாமனார் இரும்புக்கடை வைத்திருந்தவர். மதினிக்கு ஆபரேஷன் தியேட்டரும் கடைதான். காலையில் முதல் வியாபாரம் ராசியான கையால் ஆக வேண்டும். போணிக்கு வந்தவர் வாங்காமல் படியிறங்கிவிட்டால் அந்தக் கடை விளங்காது. நம்பிக்கை என்று இதை இவர்கள் நினைப்பதே இல்லை, மூச்சு விடுவது மாதிரி அது பாட்டுக்கு நடக்கிறது. இவரும் முதல் பாக்கெட் விற்ற காசைக் கண்ணில் ஒற்றித்தான் கல்லாவில் போடுவார்.

"ஊரெல்லாம் அன்னைக்கு நகை எடுக்கும். நாம மூலம் எடுக்கோம்" என்றேன் இவரிடம்.

"அக்கா காதுல விழுந்துராம" என்றார். ஆனால் சிரித்தார்.

ஏப்ரல் 5, சனி

தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். மூலம் என்றால் பெரும்பாலும் ரத்தம்தான் வரும், வலி அவ்வளவாக இருக்காது என்கிறார்கள். எனக்கு வலிதான் முதலில், ரத்தம் கொஞ்சம்தான். அப்படியென்றால்?

செய்முறை வகுப்பில் நுண்ணோக்கியில் கண் வைக்காமல் பக்கத்துப் பிள்ளை சொன்னதைக் கேட்டுப் படம் வரைகிறவளுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. ஹரி வரைந்தது அப்படிப்பட்ட படம்தான். அவன் கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவன் பார்க்கவில்லை.

அவனிடமே போய், "ஒரு தடவை நீயே பார்த்துச் சொல்லு" என்று கேட்டால் முடிந்தது. அந்த வாக்கியத்தை என் வாய் சொல்லப் போவதில்லை.

ஏப்ரல் 16, புதன்

விடைத்தாள் திருத்தும் முகாம் நேற்றே முடிந்துவிட்டது. வீட்டில் இன்னும் ஒரு நாள் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திருநெல்வேலிக்கு ரயிலேறினேன். சிவப்பு மைப் பேனாவைக்கூடப் பையில் எடுத்துக்கொண்டேன். அதை யாருக்குக் காட்ட?

டாக்டர் சத்யபிரியா. என் வயதுதான் இருக்கும். கூச்சப்பட எனக்கு நேரமே கொடுக்கவில்லை. பேசிக்கொண்டே பார்த்து முடித்துவிட்டு, கையுறையைக் கழற்றியபடி கேட்டார்:

"மூலம்னு யார் சொன்னது?"

"உள்ளூர்ல ஒரு டாக்டர்."

"பார்த்தாரா?"

நான் சேலையைச் சரிசெய்தேன். அவரும் வற்புறுத்தவில்லை. மூலம் இல்லையாம். ஆசனவாயில் வெடிப்பு. நாள்பட்ட வெடிப்புக்குப் பக்கத்தில் தோல் தடித்துத் தொங்குமாம். மேலோட்டமாகப் பார்க்கிறவர்களுக்கு அது மூலம் தள்ளியிருப்பது மாதிரி தெரியுமாம். "மூலத்துக்குன்னு எடுத்திருந்தா வெடிப்பு அப்படியேதான் இருந்திருக்கும். வலியும் போயிருக்காது. புண்ணு ஒண்ணு கூடியிருக்கும்" என்றார். களிம்பு, வெந்நீரில் உட்காருவது, நார்ச்சத்து. சில வாரம் பார்க்கலாம். ஆறாவிட்டால்தான் ஆபரேஷன், அதுவும் வேறு ஆபரேஷன்.

"தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?"

"ஸ்கூல் விட்டு வந்ததும் குடிப்பேன்."

"அதுவரைக்கும்?"

"ஸ்கூல்ல பாத்ரூம் சரியில்லை."

"என்கிட்ட வர்ற டீச்சர் எல்லாரும் இதையேதான் சொல்றாங்க" என்று எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது ரயில் கதவருகே நின்று வந்தேன். பருத்தி எடுத்து முடித்த கரிசல் நிலம் வெடித்துக் கிடந்தது. நான் நினைத்தது சரி என்ற சந்தோஷம் எனக்கு. கடம்பூர் தாண்டிய பிறகுதான் மதினியிடம் என்ன சொல்வது என்ற நினைப்பு வந்தது.

ஏப்ரல் 17, வியாழன்

மதினியிடம் சர்க்கரை என்று சொல்லிவிட்டேன். வெளியே ரத்தம் கொடுத்துப் பார்த்தேன், நிறையக் கூடியிருக்கிறது, குறைத்த பிறகுதான் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று. இவரிடமும் அதையேதான் சொன்னேன். ஹரி போனில், "ஆமா அத்தை, சுகர் இருந்தா புண்ணு ஆறாது. பெறகு பாத்துக்கலாம்" என்றான். அவன் குரலில் ஒரு ஆசுவாசம் இருந்ததோ? எனக்கு அப்படித்தான் பட்டது.

உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "சொந்த அத்தையே நம்பவில்லை" என்று ஊர் சொல்லும். புதிதாகத் தொழில் தொடங்கியிருக்கிறவன். ஒரு பொய்யில் எல்லாருக்கும் மரியாதை மிஞ்சியது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

ஏப்ரல் 19, சனி

மதினி வெந்தயப் பொடி கொடுத்தனுப்பியிருக்கிறார். இவர் கடையிலிருந்து கடலைமிட்டாய் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். இல்லாத சர்க்கரைக்கு எல்லாரும் பத்தியம் பார்க்கிறார்கள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மதினி போன் செய்தார். அட்சய திருதியை வீணாகவில்லை. என் இடத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது.

"நம்ம பாண்டிச்செல்விதான். தையக்காரி. ஒனக்கு இருக்குத அதே கோளாறு அவளுக்கும். அவ கையும் ராசியான கைதான். அவ தச்ச துணியப் போட்டுட்டுப் போன எந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் முடியாம இருக்கு?"

சரி என்று போனை வைத்தேன். பிறகுதான் உறைத்தது. என் இடம் என்பது வெறும் தேதி இல்லையே.

ஏப்ரல் 24, வியாழன்

பாண்டிச்செல்வியின் தையல் கடைக்கு ரவிக்கை வாங்கப் போனேன். ஐந்தாறு மிஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கிறாள். புதியம்புத்தூரில் தொழில் கற்றவள், நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். எத்தனையோ வருடமாக எனக்கு அவள்தான் தைக்கிறாள். மிஷின் ஸ்டூலில் தலையணை போட்டு அதில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்தச் சாய்வு எனக்குத் தெரியும்.

மற்ற பெண்களுக்குக் கேட்காதபடி கதவருகே வந்து நின்றாள்.

"டீச்சர், உங்களத்தான் கேக்கணும்னு இருந்தேன். நீங்க படிச்சவிய, டாக்டர் வேற உங்க வீட்டுப் பிள்ள. நம்பிப் படுக்கலாமா?"

நேரான கேள்வி. நான் சொன்ன பதில்:

"ஹரி நல்ல பையன்."

அவள் முகம் தெளிந்துவிட்டது. "போதும் டீச்சர். நீங்க சும்மா எதையும் சொல்ல மாட்டீய" என்றாள்.

ஹரி நல்ல பையன். பொய் இல்லை. யார் வந்து கேட்டாலும் என் மேல் குற்றம் சொல்ல முடியாது. எத்தனை சாமர்த்தியமாக அந்த வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்! ஒரு நொடிகூட யோசிக்காமல் வந்தது. நான் யார்? எனக்கென்றால் ரயிலேறிப் போய்க் கேட்டு வருவேன். இன்னொருத்தி என்னைக் கேட்டால் இதுதான் பதிலா?

ஏப்ரல் 27, ஞாயிறு

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திருநெல்வேலி, வெடிப்பு, சர்க்கரை, பாண்டிச்செல்வி. கடைக்குக் கிளம்பச் சட்டையில் ஒரு கையை நுழைத்தவர் அப்படியே நின்றார்.

"அப்ப சுகர் இல்லையா?"

"இல்ல."

"அதுக்கா இத்தன நாளா எனக்கும் காபில சீனி போடாம இருந்த?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிறகு உட்கார்ந்து யோசித்தார். "அவளுக்கு என்ன இருக்குன்னு ஒனக்கு எப்படித் தெரியும்? ஹரி அவளுக்குச் சரியாக்கூடச் சொல்லியிருக்கலாம்லா? அக்கா எவ்வளவு ஆசையா எல்லாரையும் கூப்பிட்டுக்கிட்டிருக்கா. நீ இப்பம் போயி வாயத் தெறந்தா—"

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவளையும் அவன் திரையைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டானா? அதுவும் எனக்குத் தெரியாது. தெரியாது என்பதையாவது அவளிடம் சொல்ல வேண்டாமா?

ஏப்ரல் 29, செவ்வாய்

தையல் கடைக்குப் போனேன். பள்ளி திறப்புக்கான வேலை, எல்லா மிஷினும் ஓடிக்கொண்டிருந்தது. சொல்ல வாய் எடுத்தேன். "டீச்சர் வந்திருக்காவ, ஒரு கலர் வாங்கிட்டு வாட்டி" என்று ஒருத்தியைக் கடைக்கு அனுப்பினாள். "ராத்திரியிலேருந்து ஒண்ணும் சாப்பிடக் கூடாது, தெரியும்ல?" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் வாங்கித் தந்த கலர் சோடாவைக் குடித்துவிட்டு வந்தேன்.

குடித்துவிட்டு வந்தேன்!

ஏப்ரல் 30, புதன்

கிளினிக் வாசலில் வாழைமரம். ரோஜாத் தண்ணீர், சந்தனம், வருகிறவர்களுக்குக் கேசரி. மதினி பட்டுச்சேலையில். மேலே தியேட்டர் கதவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தது. நல்ல நேரம் முடிவதற்குள் தொடங்க வேண்டும் என்று ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தார்.

பாண்டிச்செல்வி பக்கத்து அறையில் பச்சை அங்கியோடு கட்டிலில் ஒருக்களித்திருந்தாள். பூவை எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். 

"பயமா இருக்கு டீச்சர். செத்த ஒக்காருங்க."

"எனக்கு சுகர் இல்ல பாண்டிச்செல்வி."

"நல்லதுதான டீச்சர்?"

"இல்ல. சுகர்னு நான் பொய் சொன்னேன். இங்கன எனக்கு மூலம்னு சொன்னது சரியில்ல. நான் திருநெல்வேலியில வேற டாக்டர்ட்ட காட்டினேன். ஆபரேஷனே வேண்டாம்னுட்டாங்க."

கையை விட்டாள்.

"எப்பம் போனீய?"

"முகாம் முடிஞ்ச மறுநாள்."

"அப்பம் நான் கேக்கும்போது ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டுத்தான் நல்ல பையன்னீய?"

"ஆமா."

"கேட்டது ஒண்ணு, சொன்னது ஒண்ணு. எம் பிள்ள பரீட்சைல இப்படி எழுதி வச்சா நீங்க மார்க் போடுவீயளா டீச்சர்?"

"போட மாட்டேன்."

"இப்பம் நான் என்ன செய்ய?"

"உனக்கு ஹரி சொன்னது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. சரியாக்கூட இருக்கலாம். இன்னொருத்தர்ட்டயும் காட்டிட்டுச் செய். நானே கூட்டிட்டுப் போறேன்."

அவள் எழுந்து சேலையைச் சுற்றத் தொடங்கினாள். நான் மடிப்பு எடுத்துக் கொடுக்கக் கை நீட்டினேன், வாங்கவில்லை. கீழே வந்ததும் மதினி, "எங்கம்மா போற? நேரமாச்சு" என்று குறுக்கே வந்தார். பாண்டிச்செல்வி என் பக்கமே திரும்பாமல், "மனசு சரியில்லம்மா. இன்னொரு நாளைக்கு வாரேன்" என்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்படியே விட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

"நான்தான் போகச் சொன்னேன் மதினி" என்றேன்.

கேசரித் தட்டுகளோடு நின்ற எல்லாரும் திரும்பினார்கள். நான் சொல்ல வேண்டியதை அங்கேயே சொன்னேன், சர்க்கரை உட்பட. என் குரல் வகுப்பில் பேசுகிற மாதிரி இருந்தது. அது எனக்கே பிடிக்கவில்லை.

மதினி கத்தவில்லை. "போணி பண்ண வந்தவள வாசல்லயே திருப்பி விட்டுட்டியேட்டி" என்றார். அவ்வளவுதான். மாடிப்படியில் ஹரி பச்சைத் தொப்பியோடு நின்றிருந்தான். எல்லாம் கேட்டிருக்கும். திரும்பி மேலே போனான்.

மே 1, வியாழன்

இவர் கடைக்குப் போகவில்லை. என்னோடு பேசவும் இல்லை.

மே 3, சனி

கிளினிக் செய்தி ஒன்று இவர் மூலம் வந்தது. குடல்வால் வெடிக்கிற நிலையில் ஒரு லாரி டிரைவரைத் தூக்கி வந்தார்களாம். ஹரி உடனே மேலே கொண்டுபோய் ஆபரேஷன் செய்துவிட்டான். ராகுகாலம். டிரைவர் குடித்திருந்தானாம் வேறு. புதுத் தியேட்டரின் முதல் போணி அவன்தான். பிழைத்துவிட்டான். மதினிக்கு யார் போய் இதைச் சொன்னார்களோ.

மே 5, திங்கள்

பாண்டிச்செல்வியைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனேன். போகும்போது ரயிலில் என்னை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். தலையணையைக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

டாக்டர் சத்யபிரியா பார்த்துவிட்டு என்னையும் உள்ளே கூப்பிட்டார். மூலம். மூன்றாம் நிலை. ரத்தம் போய்ப் போய் உடம்பில் ரத்தமே குறைந்திருக்கிறது. அதைச் சரிசெய்துகொண்டு ஆபரேஷன் செய்யத்தான் வேண்டும். பாண்டிச்செல்வி ஹரியின் சீட்டை நீட்டினாள். வாங்கிப் படித்தார். "உங்க ஊர் டாக்டர் சரியாத்தான் எழுதியிருக்கார். ரத்தம் குறைவுன்னு மாத்திரைகூட எழுதியிருக்காரே."

வெளியே வந்து மரத்தடியில் நின்றோம்.

"அப்பம் அந்தப் பிள்ள சரியாத்தான் சொல்லியிருக்கு. அத்தன பேரு முன்னால அதோட மானத்த வாங்கினதுதான் மிச்சம்" என்றாள்.

"ஆமா."

"நல்ல ஆளு டீச்சர் நீங்க. சொல்ல வேண்டிய அன்னைக்கு சொல்ல மாட்டீய. சொல்லப் போனா மேளம் அடிச்சிச் சொல்லுவீய."

திட்டத்தான் திட்டினாள். இருந்தாலும் திரும்பும்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். தலையணையில் பாதியை என் பக்கம் தள்ளினாள். "ஒங்களுக்கும் வலிக்குமே" என்றாள். வேண்டாம் என்றேன். என்னால் அதில் உட்கார முடியவில்லை.

ஆபரேஷனை எங்கே வைத்துக்கொள்ளப் போகிறாய் என்று கேட்டதற்கு, "ரெண்டு பேரும் ஒண்ணத்தான சொல்லுதாவ? அங்கன்னா வீட்டுக்குப் பக்கம்" என்றாள்.

மே 6, செவ்வாய்

ஹரியிடம் போனேன். கடைசி நோயாளி போகும் வரை வரிசையில் காத்திருந்து உள்ளே போனேன். அவன் எழுந்து நின்றான். இத்தனைக்குப் பிறகும் எழுந்து நிற்கிறான்.

"பாண்டிச்செல்விக்கு நீ சொன்னதுதான் சரி. திருநெல்வேலியிலயும் அதையேதான் சொன்னாங்க. நான் அன்னைக்கு அப்படி எல்லார் முன்னாலயும்—"

"அவங்கள நான் பாத்தேன் அத்தை. முழுசாப் பாத்துத்தான் எழுதினேன்." மேசையில் இருந்த பேனாவை நேராக வைத்தான். "உங்களத்தான் பாக்கல."

மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு வந்தான்.

"பாக்கணும்னு சொல்ல வாய் வரல அத்தை. சிஸ்டர் சொன்னத வச்சு எழுதிட்டேன். வேற யாருக்கும் நான் அப்படிச் செஞ்சதில்ல."

"நானும் பாக்கச் சொல்லலையே. எனக்கும் அது நிம்மதியாத்தான் இருந்துச்சு."

"என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நானே திருநெல்வேலிக்கு எழுதிக் கொடுத்திருப்பேன்."

சொல்லியிருக்கலாம். கிளம்பும்போது, "அம்மா கொஞ்ச நாளைக்கு உங்ககிட்டப் பேச மாட்டாங்க. நான் பேசுதேன்" என்றான். பிறகு என் வலி எப்படி இருக்கிறது, களிம்பு ஒழுங்காகப் போடுகிறேனா, தண்ணீர் குடிக்கிறேனா என்று கேட்டான். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டான். நானும் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். இரண்டு பேருக்கும் வியர்த்துவிட்டது.

மே 20, செவ்வாய்

பாண்டிச்செல்விக்கு ஆபரேஷன். வாழைமரம் இல்லை, கேசரி இல்லை. அவள் வீட்டுக்காரர் தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்ததால் நான்தான் கூட இருந்தேன். மதினி ஒரு தடவை மேலே வந்தார். பாண்டிச்செல்வியிடம் மட்டும் விசாரித்தார். நான் இருந்த நாற்காலி காலியாக இருப்பது மாதிரி அதைத் தாண்டிப் போனார்.

மயக்கம் தெளிந்ததும் அவள் முதலில் கேட்டது, "சீருடைக்கு காஜா எடுத்து முடிச்சிட்டாளுவளா?"

மே 22, வியாழன்

அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். நன்றாக இருக்கிறாள்.

நன்றாக இருப்பது ஹரியால். என்னால் இல்லை. ஒருவேளை அவன் அவளையும் பார்க்காமல் எழுதியிருந்து, நான் கலரைக் குடித்துவிட்டு வீட்டிலேயே இருந்திருந்தால்? இந்தக் கேள்வி போவதாக இல்லை. களிம்பு போட்டு ஆறுகிற விஷயமும் இல்லை.

ஜூன் 5, வியாழன்

பள்ளி திறந்துவிட்டது. என் மேசையில் தண்ணீர் பாட்டில். ஆசிரியைகள் கழிப்பறையைச் சரிசெய்யும்படி தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னேன். ஏன் என்று கேட்டார், காரணத்தையும் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது அவருக்கு. பிறகு மெதுவாக, "எனக்கும்தான் சுதா" என்றார்.

பாண்டிச்செல்வியிடம் ரவிக்கைக்கு அளவு கொடுத்தேன். நாடாவைத் தோளில் பிடித்துக்கொண்டு, "கை நீளம் இம்புட்டுப் போதுமா?" என்றாள்.

"போதும்."

"நெசமாவா? இல்ல, துணி நல்ல துணின்னு சொல்லுதீயளா?"

மிஷினில் இருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். அவளே சொல்லியிருப்பாள். சொல்லட்டும்.

ஜூன் 15, ஞாயிறு

இவர் கடைக்குப் போன பிறகு மதினி வந்தார். அட்சய திருதியைக்குப் பிறகு இந்த வீட்டுப் படியேறுவது இதுதான் முதல் தடவை. கதவைத் திறந்ததும் என் கை தானாகத் தலைப்பைச் சரிசெய்தது.

"வாங்க மதினி. ஒக்காருங்க."

"இருக்கட்டும்."

நின்றுகொண்டே இருந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மழை இல்லை என்றார். கடலை விலை என்றார். நான் காபி போடப் போனேன். அடுப்படி வாசல் வரை பின்னாலேயே வந்தார்.

"அந்தத் திருநெல்வேலி டாக்டரு பொம்பளதான?"

"ஆமா மதினி."

"சிடுசிடுன்னு இருப்பாளோ?"

"இல்ல. பேசிக்கிட்டே பாத்து முடிச்சிருவாங்க." பால் பொங்குவதைப் பார்த்தபடியே கேட்டேன். "யாருக்கு மதினி?"

அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பல வருசமா இருக்குட்டி" என்றார். "பெத்த பிள்ளட்டப் போயி எப்படிட்டி காட்டுவேன்?"

எந்த விசேஷ வீட்டிலும் மதினி பந்தியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நின்றுகொண்டே இருப்பார், இலைக்கு இலை நடப்பார், அதட்டுவார். அதிகாரம் பண்ணத்தான் இப்படி நிற்கிறார் என்று இவரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! வலியோடு இருக்கிற எனக்கே, ஒரு தடவைகூட அது வேறாக இருக்கும் என்று தோன்றவில்லை.

"செவ்வாய்க்கிழமை லீவு போடுதேன் மதினி. காலை ரயிலுக்குப் போயிருவோம்."

"ஹரிட்ட சொல்லிராத."

"நானா சொல்ல மாட்டேன். அவன் கேட்டா பொய் சொல்ல மாட்டேன் மதினி. இனிமே என்னால ஆகாது."

மதினி யோசித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"கேட்டா சொல்லு" என்றார் கடைசியில். "கேக்கட்டும். அவன் கேட்டாத்தான் எனக்கும் சொல்ல வரும்."

காபியை நீட்டினேன். உட்காரும்படி மறுபடி நான் சொல்லவில்லை. அடுப்படியிலேயே இரண்டு பேரும் நின்றுகொண்டு குடித்தோம்.